லேசர் எலக்ட்ரான் கற்றையில் செல்களை வைப்பது எப்படி: கணக்கில் தொடங்கி காலனி எண்ணும் வரை

லேசர் முடுக்கியில் செல்களுக்குக் கதிர் கொடுக்கப் போகிறேன் என்று வரும் மாணவர்கள் முதல் நாளே லேசரைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை டெராவாட், எத்தனை ஃபெம்டோசெகண்ட் என்று. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மாதிரி எத்தனை மில்லிமீட்டர் அகலம்? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. அவர்களுக்காக எழுதியது இது.

லேசரை ஓட்டுவது எப்படி என்று இதில் இருக்காது. அதற்கு அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். உயிரியல் பக்கத்திலிருந்து போகிறவருக்குக் கருவியைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மிகக் குறுகிய, மிக வலுவான லேசர் துடிப்பை வாயுத் தாரை ஒன்றில் குவிக்கிறார்கள். வாயு பிளாஸ்மாவாகிறது. படகு போன வழியில் தண்ணீரில் அலை எழுவதுபோல, துடிப்பு போன தடத்தில் பிளாஸ்மாவில் அலை எழுகிறது. அதில் மாட்டிய எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டர் தூரத்திலேயே பத்து, நூறு எம்இவி (எலக்ட்ரானின் ஆற்றலைச் சொல்லும் அலகு) ஆற்றல் பெற்று வெளியே வருகின்றன. மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் லினாக் கருவியில் எலக்ட்ரான் தொடர்ச்சியான சின்னத் துடிப்புகளாக, ஒரே சீராக வரும். இங்கே ஒவ்வொரு ஷாட்டும், அதாவது லேசரின் ஒவ்வொரு அடியும், ஒரு தனிப் பிறவி. இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நம் ஊரில் இப்படிக் கருவி கிடையாது. இந்தூரில் ஆர்ஆர்கேட், மும்பையில் டிஐஎஃப்ஆர் ஆய்வு நிறுவனங்கள் என்று உயர்திறன் லேசர்கள் இருக்கும் இடங்கள் எல்லாம் மதுரையிலிருந்து வெகுதூரம். கிடைக்கும் கற்றை நேரமும் சில நாட்கள்தான். ஆகவே வேலையில் முக்கால்வாசியை இங்கேயே முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

1. ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு டோஸ்? முதலில் இந்தக் கணக்கு

பேனாவும் காகிதமும் போதும். தண்ணீரில் போகும் வேகமான எலக்ட்ரான் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 2 எம்இவி இழக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் நினைவில் நிற்கிற மாதிரி ஒரு எண் வரும்: ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 நானோகூலூம் மின்னூட்டம் விழுந்தால் சுமார் 2 கிரே டோஸ். டோஸ் என்பது மாதிரி உள்வாங்கிய கதிரின் அளவு, கிரே அதன் அலகு.

லேசர் குழுவிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு ஷாட்டுக்கு எத்தனை பைக்கோகூலூம் (நானோகூலூமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வருகிறது, அது எவ்வளவு பரப்பில் விழுகிறது. ‘மாதிரி இருக்கும் இடத்தில்’ என்பதை அழுத்திக் கேளுங்கள். வாயுத் தாரையின் வாயில் அளந்த மின்னூட்டத்தைச் சொல்லிவிடுவார்கள். ஜன்னலைத் தாண்டி, காற்றைத் தாண்டி, மாதிரிக்கு வருவதற்குள் அதில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

உதாரணத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 20 பைக்கோகூலூம் என்று வைப்போம். ஒரு ஷாட்டுக்கு 0.04 கிரே. 2 கிரே கொடுக்க 50 ஷாட், 8 கிரே கொடுக்க 200 ஷாட். நொடிக்கு ஒரு ஷாட் என்றால் 8 கிரேக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இடையில் லேசர் நின்றால், டோஸ் அளக்கும் ஃபிலிமை மாற்றினால், கதவு திறந்தால் எல்லாம் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை மாதிரி முடியும் என்று இப்போதே தெரிந்துவிடும். நான் பார்த்த திட்ட வரைவுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே பாதியாகக் குறைய வேண்டியவை.

2. மாதிரியைக் கற்றைக்குள் அடக்குங்கள்

இங்கேதான் நானே விழுந்தேன். கையில் பழகிய, செல் வளர்க்கும் டி-25 ஃபிளாஸ்க்குகளை எடுத்துக்கொண்டு போனேன். அதன் அடிப்பரப்பு 25 சதுர சென்டிமீட்டர். அங்கே கற்றையின் பொட்டு என் கட்டைவிரல் நகம் அளவு. ஃபிளாஸ்க்கின் நடுவில் 3 கிரே, ஓரத்தில் ஒன்றுமில்லை. அப்படி வளர்ந்த காலனிகளை (பிழைத்த ஒவ்வொரு செல்லும் பெருகி உருவாக்கும் கூட்டங்களை) எந்த டோஸ் கணக்கில் எழுதுவது? மூன்று நாள் கற்றை நேரத்தில் ஒன்றரை நாள் போயிற்று.

இப்போது நான் பயன்படுத்துவது 0.2 மில்லி பிசிஆர் டியூப். செல்களை ட்ரிப்சின் நொதி போட்டுப் பிரித்து, மீடியத்தில் (ஊட்டத் திரவத்தில்) மிதக்கவிட்டு, டியூபில் நிரப்பி, கதிர் கொடுத்து, பிறகு விதைப்பது. டியூபின் அகலம் கற்றைக்குள் அடங்கிவிடும். மாதிரிப் பரப்பு முழுவதும் டோஸ் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட எல்லை. அதற்கு மேல் போனால் கற்றையின் வழியில் மெல்லிய பிளாஸ்டிக் அல்லது அலுமினியத் தகடு வைத்து விரிக்கச் சொல்லுங்கள். விரித்தால் ஒரு ஷாட்டுக்கான டோஸ் குறையும். முதல் படிக்குத் திரும்பிப் போய்க் கணக்கைத் திருத்துங்கள்.

டியூபில் செல்களை நெருக்கி அடைக்காதீர்கள். மூடிய டியூபில் நெருக்கமாக இருக்கும் செல்கள் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் குறைந்த செல்லைக் கதிர் அவ்வளவாகக் கொல்லாது. லேசர் கற்றை மென்மையானது என்று நீங்கள் கண்டுபிடித்ததாக நினைப்பது, கடைசியில் டியூபுக்குள் மூச்சுமுட்டிய செல்களின் கதையாக இருக்கும். மில்லிக்கு ஒரு லட்சம் செல் போதும். எல்லா டியூபும் மூடியபின் காத்திருக்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும்.

டியூபை நிறுத்தும் தாங்கியை இங்கேயே செய்துகொள்ளுங்கள். அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை வெட்டித் தரும் கடையில் வரைபடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் வெட்டித் தருவார்கள். அவர்களிடம் இருப்பதும் லேசர்தான். ஒரே அளவில் நான்கு செய்யச் சொல்லுங்கள். ஒன்று கட்டாயம் உடையும்.

செல் வளர்ப்பே வேண்டாம் என்றால் ரத்தம் ஒரு நல்ல வழி. ஹெப்பாரின் டியூபில் எடுத்த ரத்தத்துக்குக் கதிர் கொடுத்து, அதிலுள்ள லிம்ஃபோசைட் வெள்ளணுக்களை 48 மணி நேரம் வளர்த்து, டைசென்ட்ரிக் குரோமோசோம்களை (உடைந்து தப்பாக ஒட்டியதால் இரண்டு மையம் கொண்டவற்றை) எண்ணுவது. ரத்தத்தை அந்த ஊரிலேயே எடுக்கலாம், பயணத் தலைவலி கிடையாது. கதிர் கொடுத்ததும் 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் வளர்ப்பில் போட வேண்டும், உடைந்த துண்டுகள் ஒட்டிக்கொள்ள அந்த அவகாசம் தேவை. காலனி முறையைப் பற்றித்தான் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்ய நினைக்கிறார்கள்.

3. அனுமதிக் கடிதங்கள்

சுருக்கமாக. மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழு அனுமதி, ஆய்வகத்தில் வளர்க்கும் செல் வரிசை என்றால் உயிர்ப்பாதுகாப்புக் குழு அனுமதி. மருத்துவமனை லினாக்கை நோயாளி அல்லாத வேலைக்குப் பயன்படுத்த அங்குள்ள கதிர்ப்பாதுகாப்பு அதிகாரியின் எழுத்துபூர்வமான ஒப்புதல். லேசர் கூடத்துக்குள் நுழைய அவர்களுடைய பாதுகாப்புப் பயிற்சி. உங்கள் மேல் படும் கதிரை அளக்க உங்கள் பெயரில் டிஎல்டி பேட்ஜ். நெறிமுறைக் குழு கூடுவதற்கே மாதங்கள் ஆகும், ஆகவே கற்றை நேரம் கேட்டு எழுதும் அன்றே இதற்கும் எழுதிப் போடுங்கள்.

4. மதுரையிலேயே ஒத்திகை: ஃபிலிமும் செல்லும்

இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசைப்படாதவர் இல்லை. தாண்டியவர்களில் யாரும் நல்ல வரைபடத்தோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மருத்துவமனையில் டோஸ் அளக்கும் அயனிக்கூடம் லேசர் கற்றையில் பொய் சொல்லும். கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இல்லாத அவகாசத்தில் அத்தனை எலக்ட்ரானும் வந்து இறங்குவதால், உள்ளே பிறந்த அயனிகள் சேகரிக்கப்படும் முன் தங்களுக்குள் மீண்டும் சேர்ந்துவிடும். கருவி குறைவாகக் காட்டும், நீங்கள் கூடுதலாகக் கொடுப்பீர்கள். கதிர் பட்டால் நிறம் மாறும் ரேடியோகுரோமிக் ஃபிலிம், டோஸ் எந்த வேகத்தில் வந்தது என்பதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அதனால் அதுதான் நம் அளவுகோல். ஆனால் அந்த அளவுகோலில் கோடு போட, நம்பகமான டோஸ் தெரிந்த ஒரு கற்றை வேண்டும். அது மருத்துவமனை லினாக்.

மாலையில்தான் நேரம் கொடுப்பார்கள். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருப்பார்கள். போனால், “சார், இன்னும் ரெண்டு பேஷண்ட் இருக்காங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க” என்பார் டெக்னீஷியன். எட்டு மணிக்குத்தான் மேஜை காலியாகும். முகம் சுளிக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் ஃபிலிமை வெட்டி எண் போடுங்கள்.

ஃபிலிம் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. இந்த ஃபிலிமில் ஒரு வகையான இபிடி3 தாளைக் கையுறை போட்டு 3 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் ஒரே மூலையில் பேனாவால் எண் எழுதுங்கள். எண்ணுக்காக மட்டும் அல்ல, திசைக்காகவும்தான்: இந்த ஃபிலிமை ஸ்கேனரில் 90 டிகிரி திருப்பி வைத்தால் வேறு அளவு காட்டும். ஒரு மாணவி நாற்பது துண்டுகளை அழகாக வெட்டி எண்ணை மட்டும் கவரில் எழுதியிருந்தார். மேஜை விசிறிக் காற்றில் ஐந்து துண்டுகள் பறந்தன. அவ்வளவுதான்.

டோஸ்கள்: 0, 0.5, 1, 2, 3, 4, 6, 8, 10 கிரே. தண்ணீருக்கு நிகரான பலகைகளுக்கு நடுவே, டோஸ் உச்சம் பெறும் ஆழத்தில் வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு டோஸுக்கும் மூன்று துண்டு. ஸ்கேன் செய்ய 24 மணி நேரம் காத்திருங்கள். கதிர் பட்டபின்னும் ஃபிலிமுக்குள் நிறம் கூடிக்கொண்டே இருக்கும், ஒரு நாளில்தான் ஓரளவு அடங்கும். இங்கே 24 மணி நேரம் கழித்து ஸ்கேன் செய்துவிட்டு, அங்கே அவசரத்தில் அரை மணி நேரத்தில் ஸ்கேன் செய்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஸ்கேனரைச் சூடாக்க நான்கைந்து வெற்று ஸ்கேன் ஓட்டுங்கள். கண்ணாடியின் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். நிறத்திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஃப் (TIFF) படக் கோப்பாகச் சேமியுங்கள். சுமார் 10 கிரே வரை சிவப்பு நிறத் தளத்தைப் படியுங்கள், அதற்கு மேல் பச்சை. பயணத்துக்கு எடுத்துப் போகும் ஃபிலிம் இதே பெட்டியைச் சேர்ந்ததாக, ஒரே லாட் எண் உள்ளதாக இருக்க வேண்டும். புதுப் பெட்டி வாங்கினால் புதுக் கோடு.

அதே மாலையில், லேசருக்கு எடுத்துப் போகப் போகும் அதே டியூப், அதே தாங்கி, அதே செல்லை வைத்து 0, 2, 4, 6, 8 கிரே கொடுத்து ஒரு முழுச் சோதனையை ஓட்டிவிடுங்கள். டியூபிலிருந்து செல் எவ்வளவு மிஞ்சுகிறது, தாங்கி ஒழுங்காக நிற்கிறதா, ஒரு டோஸுக்கு எத்தனை செல் விதைத்தால் எண்ணக்கூடிய காலனி வரும் என்பதெல்லாம் இதில்தான் தெரியும். என் கணக்கு, விதைக்கும் தட்டின் ஒரு கிணற்றுக்கு (குழிக்கு): 0 கிரேக்கு 200 செல், 2 கிரேக்கு 400, 4 கிரேக்கு 800, 6 கிரேக்கு 2000, 8 கிரேக்கு 5000. உங்கள் செல்லுக்கு வேறாக இருக்கலாம். அதற்காகத்தான் ஒத்திகை.

5. தேதி குறிப்பது

ஒத்திகைத் தட்டில் காலனி வளர 10 முதல் 14 நாள் ஆகும். மதுரையில் எந்த இரண்டு வாரத்தை எடுத்தாலும் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அதில் விழ நல்ல வாய்ப்பு உண்டு. தேதி செய்தித்தாளில் வரும். உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்வார்கள். அதில் டீசல் இருக்கிறதா, இன்குபேட்டரின் பிளக் அந்த லைனில்தான் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எங்களுடைய ஒரு ஒத்திகை முழுவதும், ஏசி மட்டும் ஜெனரேட்டரில் ஓட இன்குபேட்டர் அணைந்துகிடந்த ஒரு பகலில் போனது.

இன்குபேட்டர் தட்டில் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இங்குள்ள போர் தண்ணீர் ஒரே மாதத்தில் தட்டில் வெள்ளையாகப் படியும்.

சித்திரைத் திருவிழாவைத் தவிர்த்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம் பக்கம் தெர்மாகோல் பெட்டியோடு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

6. செல்களைக் கொண்டுபோவது

ஃபிளாஸ்க் இங்கேதான் பயன்படும். செல்கள் ஒட்டி, பரப்பில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பிய நிலையில், ஃபிளாஸ்க்கின் கழுத்து வரை மீடியத்தை ஊற்றி மூடுங்கள். முழுக்க நிரப்புவதற்குக் காரணம் உண்டு. பாதி நிரம்பியிருந்தால் வண்டி குலுங்கும்போது திரவம் அலையடித்துச் செல்களைப் பிய்த்துவிடும், சாயும்போது ஒரு பக்கம் காய்ந்தும் போகும்.

மூடி விஷயத்தில் ஏமாறாதீர்கள். காற்றுப் போக வடிகட்டி வைத்த மூடியுள்ள ஃபிளாஸ்க்கை நிரப்பினால் வடிகட்டி நனையும், ஒழுகும், பிறகு கிருமி ஏறும். வடிகட்டி இல்லாத, இறுக்கி மூடும் மூடிதான் வேண்டும். மேலே பாராஃபிலிம் (இழுத்துச் சுற்றும் மெழுகுத் தாள்) இரண்டு சுற்று. கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் பல மணி நேரம் இருக்கப் போவதால் மீடியத்தின் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெபிஸ் சேர்த்திருக்க வேண்டும்.

பெட்டிக்கு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டைப் பாருங்கள். மல்லிகையை விமானத்தில் அனுப்பும் அதே தெர்மாகோல் பெட்டி சரியாக இருக்கும். ஆனால் பூவுக்கு வைப்பதுபோல ஐஸ் வைக்கக் கூடாது. எங்கள் மாணவர் ஒருவர் உறைந்த ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே ஃபிளாஸ்க்கை இறுக்கி வைத்துவிட்டார். “பூவே வாடாம போகுதுண்ணே, செல்லுக்கு என்ன?” என்றார். போய்த் திறந்தபோது செல்கள் உருண்டு, பாதி பிரிந்து மிதந்தன. ஜெல் பொட்டலம் வையுங்கள், ஆனால் உறைய வைக்காமல் அறை வெப்பத்தில் இருந்ததை. அதன் வேலை வெளி வெயிலைத் தடுப்பது மட்டும்தான்.

ஃபிலிம் கைப்பையில் வரட்டும். விமான நிலைய எக்ஸ்ரேயில் ஃபிலிம் கெட்டுவிடுமோ என்று எல்லோரும் கேட்பார்கள். கைப்பைச் சோதனையில் படும் அளவு இந்த ஃபிலிமின் உணர்திறனுக்குப் பல ஆயிரம் மடங்கு கீழே. உண்மையான எதிரி, வெயிலில் நிறுத்திய கார். ஒரு கதிர் படாத துண்டைக் கூடவே கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். பயணத்தில் ஏதாவது நடந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

பெட்டியில் என்ன இருக்கிறது என்று துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம் மேலேயே ஒட்டியிருக்கட்டும்.

7. லேசர் கூடத்தில் முதல் நாள்: செல்லைத் தொடாதீர்கள்

போய் இறங்கியதும் செல்களை அவர்களுடைய இன்குபேட்டரில் வைத்துவிட்டு, மீடியத்தைக் குறைத்து, ஓய்வெடுக்க விடுங்கள். முதல் நாள் முழுக்க ஃபிலிம் வேலை மட்டும்தான்.

உள்ளே போகும் முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம், வெளியே தெரியும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். டைட்டானியம்–சஃபையர் லேசரின் ஒளி 800 நானோமீட்டர் பக்கம் இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் வளையலில் பட்டுத் திரும்பினால் விழித்திரையைச் சுட்டுவிடும். அந்த அலைநீளத்துக்கான கண்ணாடியைக் கேட்டு வாங்கி அணியுங்கள்.

முதலில் மாதிரி இருக்கும் இடத்தில் ஒரு பெரிய ஃபிலிமை வைத்து 20 ஷாட் வாங்குங்கள். பொட்டு எங்கே விழுகிறது, எவ்வளவு அகலம், வட்டமா நீள்வட்டமா என்று பாருங்கள். பிறகு தாங்கியை அந்தப் பொட்டுக்கு நகர்த்துங்கள். பொட்டைத் தாங்கிக்குக் கொண்டுவரச் சொன்னால் லேசர்க்காரர்களின் அரை நாள் போகும்.

அடுத்து, தண்ணீர் நிரப்பிய டியூபைத் தாங்கியில் வைத்து அதன் முன்னும் பின்னும் ஃபிலிம் ஒட்டி 50 ஷாட். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கற்றையில் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் நிறைய கலந்திருக்கின்றன என்று அர்த்தம். அவை டியூபின் முன்பக்கத்திலேயே நின்றுவிடும். எலக்ட்ரான் தண்ணீரில் போகும் தூரம், சென்டிமீட்டரில், எம்இவியில் சொல்லும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி. 10 எம்இவி எலக்ட்ரானுக்கு டியூப் ஒரு பொருட்டே இல்லை, அரை எம்இவி எலக்ட்ரானுக்கு அது சுவர். காந்தம் வைத்து வளைத்துவிடலாம், அல்லது மெல்லிய தகட்டால் வடிகட்டலாம். லேசர் குழுவிடம் சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது.

லேசர் அடிக்கும்போது மின்காந்தத் துடிப்பு ஒன்று சுற்றிலும் பரவும். சில கூடங்களில் மலிவான மின்னணுச் சாதனங்கள் அதில் உறைந்துபோகும். நாங்கள் மாதிரிக்குப் பக்கத்தில் வைத்த டிஜிட்டல் வெப்பமானி காலையில் காட்டிய 24.6 டிகிரியையே நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. ஏசி என்ன அருமை என்று நாங்களும் மெச்சிக்கொண்டிருந்தோம். கண்ணாடி வெப்பமானி ஒன்று கையில் இருக்கட்டும்.

8. கதிர் கொடுக்கும் நாள்

காலையில் கற்றை தயார் என்று சொன்ன பிறகுதான் ட்ரிப்சினைத் தொட வேண்டும். ஒன்பது மணிக்குக் கற்றை வரும் என்று நம்பி எட்டரைக்குச் செல்களைப் பிரித்துவிட்டு, பகல் இரண்டு மணி வரை டியூபில் காத்திருக்க வைத்தவர்கள் உண்டு. பிரித்த செல்லுக்குப் பொறுமை கிடையாது.

ஒவ்வொரு டியூபுக்கும் அதற்கே உரிய ஃபிலிம், முன்னும் பின்னும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காலையில் ஒரு ஃபிலிம் எடுத்து ஷாட்டுக்கு 0.04 கிரே என்று கண்டுபிடித்து, அதை நாள் முழுக்க ஷாட் எண்ணிக்கையால் பெருக்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். ஷாட்டுக்கு ஷாட் மின்னூட்டம் 20, 30 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். அந்த ஏற்ற இறக்கம் 50 ஷாட்டில் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும், அது பெரிய ஆபத்து இல்லை. மெதுவாகச் சரிவதுதான் ஆபத்து. மதியத்துக்குள் கண்ணாடிகள் சூடேறி, குவியம் கொஞ்சம் நகர்ந்து, ஷாட்டுக்கு 0.04 இருந்தது 0.03 ஆகியிருக்கும். எத்தனை ஷாட் கூட்டினாலும் அது சமன் ஆகாது.

இதே காரணத்துக்காக டோஸ்களை 0, 2, 4, 6, 8 என்று வரிசையாகக் கொடுக்கக் கூடாது. கற்றையின் சரிவும் டோஸின் ஏற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும். சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை எடுங்கள்.

கன்ட்ரோல் டியூப்கள் இரண்டு வகை. ஒன்று, ஆய்வகத்திலேயே இருப்பது. இன்னொன்று, மற்ற டியூப்களோடு கூடத்துக்குள் போய், தாங்கியில் ஏறி, அதே நேரம் உட்கார்ந்து, கதிர் மட்டும் படாமல் திரும்புவது. அந்த அறையின் குளிர், அதிர்வு, காத்திருப்பு எல்லாம் செல்லைப் பாதிக்கும். இரண்டாவது வகையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் வகை, கூடத்தில் ஏதாவது தவறு நடந்ததா என்று பார்க்க.

முடிந்தால், அதே சஸ்பென்ஷனிலிருந்து சில டியூப்களை அந்த ஊரில் உள்ள காமா கருவியிலோ லினாக்கிலோ அன்றே கொடுங்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை ஒப்பிடுவதுபோல இருக்கும். அதற்கு வழி இல்லையென்றால் மதுரை ஒத்திகையில் வந்த செல் பிழைப்புக் கோட்டோடு ஒப்பிட வேண்டியதுதான். அப்போது இரு பக்கமும் குறைந்தது மூன்று முறை திருப்பிச் செய்திருக்க வேண்டும்.

ஷாட் முடிந்ததும் கதவருகே ஓடாதீர்கள். பாதுகாப்பு அதிகாரி சொன்ன பிறகுதான் உள்ளே போக வேண்டும். கற்றை நிறுத்தும் கட்டையில் கொஞ்ச நேரம் கதிரியக்கம் மிஞ்சியிருக்கலாம்.

நோட்டில் ஒரு வரிக்கு ஒரு டியூப்: டியூப் எண், ஃபிலிம் எண்கள், ஷாட் எண்ணிக்கை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், டியூப் மூடிய நேரம், நடுவில் நின்றதா. நோட்டு காகிதமாகவே இருக்கட்டும்.

9. விதைத்து, வளர்த்து, எண்ணுவது

டியூப் கைக்கு வந்ததும் மெல்ல உறிஞ்சி விட்டுக் கலக்கி, திரும்ப ஒருமுறை எண்ணி, ஆறு கிணற்றுத் தட்டில் விதையுங்கள். ஒரு டோஸுக்கு மூன்று கிணறு. அதன்பின் தட்டை அந்த ஊரிலேயே விட்டுவிட வேண்டும். காலனி வளரும் நாட்களில் தட்டைக் குலுக்கினால் செல்கள் பிரிந்து பக்கத்தில் போய் ஒட்டி, குட்டிக் காலனிகள் முளைக்கும். உயிர்பிழைத்த எண்ணிக்கை பொய்யாக ஏறும்.

பன்னிரண்டு நாள் கழித்து மெத்தனாலில் நிலைப்படுத்தி, 0.5 சதவீத கிரிஸ்டல் வயலட் போட்டு அலசுங்கள். குழாயைத் திறந்து நேராகத் தட்டில் விடாதீர்கள். வாளித் தண்ணீரில் பாத்திரத்தை அமிழ்த்துவதுபோல மெல்ல அமிழ்த்தி எடுங்கள். குழாய்த் தண்ணீரில் என் முதல் தட்டின் ஒரு கிணறு முழுக்கக் கழுவிப் போனது. ஊதா நிறம் தொட்டியில் ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு காலனி என்றால் குறைந்தது 50 செல். எண்ணுகிறவருக்கு எந்தத் தட்டு எந்த டோஸ் என்று தெரியக் கூடாது. மூடியில் தாள் ஒட்டி மறைத்துவிட்டு இரண்டு பேர் தனித்தனியே எண்ணுங்கள்.

கணக்கு இப்படி: கன்ட்ரோலில் 200 செல் விதைத்து 120 காலனி வந்தால், ஒட்டி வளரும் விகிதம் 0.6. 4 கிரேயில் 800 செல் விதைத்து 96 காலனி வந்தால், 800ஐ 0.6ஆல் பெருக்கினால் 480; 96ஐ அதால் வகுத்தால் 0.2. அதாவது ஐந்தில் ஒன்று பிழைத்தது. இதைத்தான் மடக்கை அச்சில் டோஸுக்கு எதிராக வரைய வேண்டும். கிடை அச்சில் வைக்க வேண்டியது நீங்கள் கொடுக்க நினைத்த 4 கிரே அல்ல, அந்த டியூபின் ஃபிலிம் சொன்ன 3.7 கிரேயோ 4.4 கிரேயோ. புள்ளிகள் நேர்வரிசையில் நிற்காது. பரவாயில்லை. பிழைப்பை டோஸோடு இணைக்கும் நேர்கோடு–இருபடிச் சூத்திரம் அதையெல்லாம் தாங்கும்.

10. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

முதல் வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை, தலைப்பில் ஃப்ளாஷ் (மிக மிக வேகமாக டோஸ் கொடுக்கும் முறை) என்று போடுவது. அந்தப் பெயரைச் சொல்ல, பொதுவாக நொடிக்கு 40 கிரேக்கு மேல் சராசரி வேகத்தில் டோஸ் போக வேண்டும். நம் உதாரணத்தில் நொடிக்கு ஒரு ஷாட், ஷாட்டுக்கு 0.04 கிரே. சராசரி வேகம் நிமிடத்துக்கு 2.4 கிரே. மருத்துவமனை லினாக்கின் சாதாரண வேகத்துக்கும் கீழே! ஆனால் ஒரு ஷாட்டுக்குள் பார்த்தால், பைக்கோசெகண்ட் அளவில் அந்த 0.04 கிரேயும் விழுந்துவிடுவதால், அந்தக் கணத்தின் வேகம் லினாக் துடிப்பைவிடக் கோடிக்கணக்கான மடங்கு. இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு ஷாட்டின் டோஸ், ஷாட்டின் நீளம், ஷாட்டுகளுக்கு இடைவெளி, மொத்த நேரம் நான்கும் இல்லாத அறிக்கையை யாரும் திருப்பிச் செய்துபார்க்க முடியாது.

இரண்டாவது பிழை, ஒப்பீட்டு விளைவை (ஒரு கற்றை இன்னொன்றைவிட எத்தனை மடங்கு வலுவாகச் செல்லைக் கொல்கிறது என்ற எண்ணை) தப்பாக வகுப்பது. ஒரே டோஸில் இரண்டு கற்றைகளிலும் எவ்வளவு பிழைத்தது என்று வகுக்கக் கூடாது. ஒரே அளவு பிழைப்புக்கு, உதாரணமாகப் பத்தில் ஒன்றுக்கு, இரண்டிலும் எத்தனை கிரே தேவைப்பட்டது என்று வகுக்க வேண்டும். மேற்கோள் கற்றையின் டோஸ் மேலே, லேசர் கற்றையின் டோஸ் கீழே.

சிகிச்சை பற்றி. ஒத்திகை நாளில் மருத்துவமனை வராண்டாவில் காத்திருந்த ஒரு பெரியவர், என் பெட்டியைப் பார்த்து என்ன ஏதென்று விசாரித்துவிட்டுக் கேட்டார்: “அப்ப லேசர வச்சுச் சுட்டா கட்டி கரைஞ்சுருமா தம்பி?” இப்போதைக்கு இல்லைங்கய்யா, இது டியூபில் இருக்கும் செல்லுக்குத்தான் என்றேன். அறிக்கையிலும் அதைத்தான் எழுத வேண்டும். மருத்துவமனை லினாக்கின் 20 எம்இவி எலக்ட்ரான் உடலுக்குள் சுமார் 6 சென்டிமீட்டர் வரைதான் பயன்படும். 100 முதல் 250 எம்இவி வரை போனால் ஆழத்தில் இருக்கும் கட்டியையும் தொடலாம், அந்த ஆற்றலை லேசர் சிறிய இடத்திலேயே தர முடியும். ஆர்வம் எல்லாம் அதனால்தான். ஆனால் ஷாட்டுக்கு ஷாட் 20 சதவீதம் மாறும் கற்றையை, மாலைக்குள் கால்வாசி சரியும் கற்றையை, நோயாளிக்குக் கொடுக்க முடியாது. உங்கள் ஃபிலிம் எண்களே அதற்குச் சாட்சி. அந்த ஏற்ற இறக்க அட்டவணையைப் பின்னிணைப்பில் ஒளிக்காமல் முதல் படமாகப் போடுங்கள். லேசர்க்காரர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியதும் அதுதான்.

ஃபிலிம் துண்டுகளை எல்லாம் எண் வரிசையில் கறுப்புக் கவரில் போட்டு, டிஃப் கோப்புகளையும் நோட்டையும் சேர்த்து, குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து நடுவரிடமிருந்து, 14ஆம் எண் டியூபின் டோஸ் எப்படி வந்தது என்று கேள்வி வரும். அப்போது அந்தக் கவரைத்தான் முதலில் தேடுவீர்கள்.